ரேடியோப் பெட்டி நூதனசாலை

மேசையில் ரேடியோப் பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு துண்டு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. யோசப்பின் அதைப் பார்த்தபடி நின்றாள். சதுரமில்லை, நீள்சதுரம். பெட்டி காணாமல்போன நேரத்திலும் கணிதப் பட்டதாரிக்கு அது நீள்சதுரமாகத்தான் தெரிந்தது. அதற்காகவும் தன்மேல் அவளுக்கு எரிச்சல் வந்தது.

"அம்மா! என்ரை பெட்டி எங்கை?"

குசினிக்குள் மரியநாயகி பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். நாலு வருசத்துக்குப் பிறகு இந்த நத்தார்த் திருநாளுக்குத்தான் எண்ணெய்ச் சட்டி ஒழுங்காக அடுப்பில் ஏறியிருந்தது. கொழும்பில் புது அரசாங்கம், பேச்சுவார்த்தை என்று கதை அடிபட்டதிலிருந்து, தடைசெய்திருந்த சாமான்களில் சிலதை விட்டிருந்தார்கள். குண்டு போடும் பொம்மர்களின் சத்தமும் குறைந்திருந்தது. குருநகர்ச் சனம் பயந்து பயந்து மூச்சு விடப் பழகிக்கொண்டிருந்தது.

"எந்தப் பெட்டி?"

"ரேடியோப் பெட்டி!"

"ஓ, குடிலே? அதை விடியவே கொண்ணன் கனிசியஸ் சைக்கிளிலை கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோட்டான்."

யோசப்பினுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "என்ன குடில்?"

"யேசு பாலன்ரை குடில்தான். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சனியே? ரண்டு வருசமா ஒளிச்சு ஒளிச்சுச் செய்தனி. சின்னச் சின்ன அறை, வாசல், வாங்கு, நிறம் நிறமா மட்டை... நான் ஒண்டும் கேக்கேல்லை. அவளா வந்து சொல்லட்டும் எண்டு இருந்தன். நேற்றுக் கோயில் மூப்பர் வந்து, வட்டாரக் குடில் கட்ட ஒரு நல்ல மட்டைகூட இல்லையெண்டு தலையிலை கைவைச்சுக்கொண்டு நிண்டார். நான் சொன்னன், என்ரை மகள் கட்டி வைச்சிருக்கிறாள் எண்டு."

சொல்லும்போதே மரியநாயகியின் முகம் மலர்ந்தது. அப்பாவின் வள்ளம் ஆளில்லாமல் கரைக்கு வந்த நாளிலிருந்து யோசப்பின் பூசைக்குப் போவதில்லை. ஐந்து வருசம். அந்தோனியாருக்கு அம்மா வைக்காத நேர்த்தியில்லை. மகள் பெட்டிக்குள் வீடு கட்டத் தொடங்கியதும் நேர்த்தி பலித்துவிட்டதென்று அவள் நினைத்ததில் பிழை சொல்லவும் முடியாது. அந்தத் தெருவில் பெட்டிக்குள் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் பாலனுக்குத்தான் கட்டுகிறார்கள். வேறு எதற்கு ஒருத்தி கட்டுவாள்?

"அது குடில் இல்லை!"

"பின்னை?"

"நூதனசாலை!"

மரியநாயகி அகப்பையை எண்ணெய்க்கு மேலே பிடித்தபடி யோசித்தாள். "அதுக்குள்ளை ஆர் இருக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. படம்தான் இருக்கு."

"அப்ப பாலனுக்கு இடம் இருக்குத்தானே."

யோசப்பின் வெளியே பாய்ந்தாள். ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் அம்மாவின் செருப்பும் கிடந்ததைச் சந்தி தாண்டிய பிறகுதான் கண்டாள். திரும்ப நேரமில்லை. திங்கட்கிழமை காலை பத்மாவதி மிஸ் அந்தப் பெட்டியைப் பார்க்கச் சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிள் மிதித்து வரப்போகிறாள். பல்கலைக்கழகத்தில் சித்திரம் பற்றி விரிவுரை செய்கிறவள். ஜனவரியில் நடக்கும் கண்காட்சியில் ஒரு மேசை தரலாமா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். "கதையை விடும், நான் கண்ணாலை பாக்கோணும்" என்று நூலக வாசலில் முகத்துக்கு நேரே சொன்னவள். யோசப்பினுக்கு அவளைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

இன்று சனிக்கிழமை. பெட்டியோ மாட்டுத் தொழுவம்.

யோசப்பின் கீறுவது கோடும் சதுரமும். பல்கலைக்கழகத்தில் வடிவகணிதம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் கை தானாக அதற்குப் போனது. ஒரு கறுப்புக் கோட்டை எங்கே நிறுத்தினால் பக்கத்துச் சிவப்பு அமைதியாகும், எங்கே நிறுத்தினால் அது சண்டைக்கு வரும் என்று பார்ப்பதில் அவளுக்கு ஒரு வெறி. தேயிலைப் பெட்டிப் பலகையில் வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்றை வைத்துத்தான் தொடங்கினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.

"இது என்ன பிள்ளை?"

"சதுரம்."

"சதுரம் எண்டா?"

"சதுரம் எண்டாச் சதுரம்."

குடும்பத்தில் முதல் பட்டதாரி இப்படியாகிவிட்டாளே என்று சொந்தக்காரர்கள் அம்மாவுக்கு அனுதாபம் சொன்னார்கள். கல்யாணம் பேசி வந்த ஒருவர், "உது வருத்தமோ, பழக்கமோ?" என்று மெதுவாக விசாரித்தார். "வருத்தந்தான், தொத்தும்" என்று உள்ளே இருந்து யோசப்பினே பதில் சொன்னாள். அவர் பிறகு வரவில்லை.

ஏழு பலகை சேர்ந்தபோது பொம்மர் அடி கூடியது. அண்ணன் கனிசியஸ் முற்றத்தில் பதுங்கிக் கிடக்கப் பங்கர் வெட்டினான். மேலே பனங்குத்தி அடுக்கி மண் போட்டால், இடுக்குகளால் மண் கொட்டும். அதைத் தடுக்கப் பலகை வேண்டும். ஊரில் எங்கே இருந்தது பலகை? யோசப்பின் நூலகத்தால் திரும்பி வந்தபோது அவளுடைய ஏழு படங்களும் பங்கரின் கூரைக்குள் ஆணி அடிபட்டு நின்றன. அதுவும் படம் கீறிய பக்கம் கீழே பார்க்க.

"பாத்துக்கொண்டு கிட" என்றான் கனிசியஸ்.

நக்கல் என்றுதான் அவள் எடுத்தாள். அன்றிலிருந்து அண்ணனோடு கதைக்கவில்லை. "சோறு போட்டாச்சு எண்டு சொல்லுங்கோ", "சைக்கிளுக்குக் காத்து இல்லையாம்" என்று எல்லாம் அம்மா வழியாகத்தான் போய்வந்தது. பங்கருக்குள்ளும் அப்படியே. ஒடுங்கிய குழி. அம்மா நடுவில் குந்தியிருந்து செபமாலை சொல்ல, இவள் வாசல் பக்கம் தலை வைத்துப் படுப்பாள், அவன் மறுபக்கம் தலை வைத்துப் படுப்பான். அவனுடைய கால் இவளுடைய முகத்தருகே நாறும்.

ஒரு மாரி முடிந்தபோது பலகையில் கறையான் ஏறியிருந்தது. போக விட முடியாது என்ற ஆத்திரத்தில் அவள் ஜாம் போத்தல் விளக்கோடு பங்கருக்குள் மல்லாந்து கிடந்து, ஏழையும் சின்னதாகப் பார்த்துக் கீறினாள். பழைய கல்யாண அழைப்பிதழ் மட்டைதான் பலகை. செத்த பற்றரியை உடைத்து எடுத்த கரி, கறுப்பு. உடுப்புக்குப் போடும் நீலம், நீலம். மஞ்சளுக்குக் குசினி மஞ்சள்தூள். சிவப்புக்கு அப்பாவின் வள்ளத்தைச் சுரண்டினாள். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும். பெரிதாகக் கீற நிறமும் இல்லை, மாட்டச் சுவரும் இல்லை. தருகிறவனும் இல்லை. சரி, நானே கட்டுகிறேன் என்று, மின்சாரம் போனதிலிருந்து வாய் மூடிக் கிடந்த அப்பாவின் ரேடியோவைக் குடலெடுத்து, அந்த மரப்பெட்டிக்குள் நடுச்சுவர் வைத்து, இரண்டு அறையில் ஒரு படக் காட்சிசாலை கட்டினாள். பின்பக்கத்துக்கு ஒரு மட்டை. வாசலில் நுழைவுச்சீட்டு மேசை. களைத்தவர்கள் இருக்க ஒரு வாங்கு, தீக்குச்சி நீளம். சுவரில் நகத்தளவு பலகையில் "தொடாதீர்கள்".

முற்றத்துப் பலகைகள் உக்கி உதிர்ந்துவிட்டன. இப்போது உலகத்தில் அந்த ஏழு படமும் இருக்கிற ஒரே இடம் அந்தப் பெட்டிதான்.

அதைத்தான் சைக்கிள் கரியரில் கட்டிக் குண்டும் குழியுமான றோட்டால் கொண்டுபோயிருக்கிறார்கள்.

கோயில் மண்டபத்தின் கூரை பாதி ஓடு, பாதி கிடுகு. வாசலிலேயே மூப்பர் இன்னாசித்தம்பி கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"வா பிள்ளை, வா! கோயில் வாசல் தெரிஞ்சுதோ உனக்கு? நல்ல வேலை செய்திருக்கிறாய். ஆனா கொண்ணனைக் கொஞ்சம் பிடி. ஒருத்தரையும் கிட்ட விடுறானில்லை. நட்சத்திரம் ஒட்ட இடமில்லையெண்டு ஒரு மட்டையைக் கழட்டப்போனன். கை வைச்சா முறிப்பன் எண்டு மூப்பரைப் பாத்துச் சொல்லுறான்!"

இரண்டு வாங்கைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் பெட்டியை வைத்திருந்தார்கள். நடுச்சுவரைக் காணவில்லை. தரையெல்லாம் வைக்கோல். மூக்கு உடைந்த சூசையப்பர் நுழைவுச்சீட்டு மேசைக்குப் பின்னால் நின்றார். "தொடாதீர்கள்" பலகைக்குக் கீழே ஒரு செம்மறியாடு. பெட்டிக்கு முன்னால் கனிசியஸ் முழங்காலில் நின்று, வாயில் வலைநூலைக் கவ்விக்கொண்டு எதையோ கட்டிக்கொண்டிருந்தான்.

அவளைக் கண்டதும் நூலைத் துப்பினான். "எல்லாம் கிடக்கு. எண்ணிப் பார்."

இரண்டு வருசத்துக்குமேல் கழித்து அவன் அவளோடு நேராகக் கதைத்தது அதுதான். அவள் எண்ணினாள். பின்மட்டையில் வரிசையாக ஏழு. விளிம்பு மடங்கவில்லை, கரி உதிரவில்லை, சிவப்பில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் கிடந்த பாய்க் கட்டின்மேல் அப்படியே குந்தினாள். ஆடு நின்றால் நிற்கட்டும், மாடு நின்றால் நிற்கட்டும்.

நிம்மதி ஒரு நிமிசம்தான் நின்றது. ஏனென்றால் பிறகு அவள் வடிவாகப் பார்த்தாள்.

"ஏன் எல்லாத்தையும் தலைகீழா மாட்டி வைச்சிருக்கிறாய்?"

"ஆர் தலைகீழா? சைக்கிள் குலுங்கி எல்லாம் கழண்டு கொட்டுண்டு போச்சு. பங்கருக்குள்ளை இருந்த மாதிரியே திருப்பி மாட்டினன்."

"கறுப்புக்கோடு கீழை வரும்."

"மேலை."

"கீழை! கீறினது நான்!"

"நீ கீறினனி. கீழை கிடந்து பாத்தது நானெல்லே? முதல்லை நீலம். அதுக்குப் பக்கத்திலை ரண்டு சிவப்புச் சதுரம். கறுப்புக்கோடு மேலை. கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவன்."

"நீலம் கடைசி!"

"உனக்கு விசர்."

"விசர் உனக்கு! நூற்றெண்பது பாகை திருப்பி வைச்சிருக்கிறாய், தெரியுமோ..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உறைத்தது. நூற்றெண்பது பாகை. அவள் வாசல் பக்கம் தலை. அவன் மறுபக்கம் தலை. அவளுக்குக் கீழ் என்பது அவனுக்கு மேல். அவளுக்கு முதல் என்பது அவனுக்குக் கடைசி. ஒன்றுகூட இடம் மாறவில்லை. அவன் கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் மிகச் சரி.

மூப்பர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தலைகீழோ நேரோ, ஆருக்குத் தெரியப்போகுது பிள்ளை? பெட்டிதானே எல்லாம்."

"நீங்கள் ஒருக்காச் சும்மா இருங்கோ, மூப்பர்" என்றான் கனிசியஸ்.

யோசப்பின் குரலை இறக்கினாள். "அண்டைக்கு ஏன் படப் பக்கத்தைக் கீழை பாக்க அடிச்சனி? நக்கலுக்குத்தானே?"

"நக்கலோ?" அவன் உண்மையாகவே திகைத்துப்போனான். "மேலை பாக்க அடிச்சா மண் மூடுமெல்லே. நீ கீறினதை மண்ணுக்குக் காட்டுறதோ?"

அவன் வலைநூலின் நுனியை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

"பொம்மர் சுத்தேக்கை அம்மா செபம் சொல்லுவா. எனக்கு அருள்நிறை மரியேயே பாதியிலை மறந்துபோகும். நான் அந்தக் கறுப்புக்கோட்டைப் பாத்துக்கொண்டு கிடப்பன். அது பலகையோடை முடியிற கோடில்லை. வெளியிலை எங்கையோ போகும். எங்கை போகுமெண்டு யோசிக்க யோசிக்க, அவன் குண்டைப் போட்டிட்டுப் போயிடுவான்."

"உதை ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீ எங்கை கதைச்சனி?"

யோசப்பின் மூக்கு உடைந்த சூசையப்பரை எடுத்து நேராக நிறுத்தினாள்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு றோஸ் அக்கா ஒரு உடைந்த முகக்கண்ணாடித் துண்டும் மூன்று பிளாஸ்ரிக் தாராவுமாக வந்தாள். "தள்ளு தள்ளு, குளம் வைக்கோணும். குளமில்லாமல் என்ன குடில்?" யாரையும் கேட்காமல் வைக்கோலை விலக்கிக் கண்ணாடியைப் பெட்டியின் தரையில் பதித்து, தாராக்களை மிதக்கவிட்டு, திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

யோசப்பின் குளத்துக்குள் பார்த்தாள். பெட்டியின் மேற்பலகை தெரிந்தது. வெறும் மரம், பழைய ரேடியோவின் இரண்டு ஆணித்துளை. கூரை. அவளுடைய பலகைப் படங்கள் ஒருநாளும் சுவரில் தொங்கியதில்லை. அவற்றுக்குத் தெரிந்த ஒரே இடம் கூரைதான்.

அவள் எழும்பினாள். பின்மட்டையைப் பிடித்து ஒரே இழுவையில் பிய்த்தாள். மூப்பர் "யேசுவே!" என்றார்.

"அண்ணை, சின்ன ஆணி கிடக்கோ?"

"சப்பாத்து ஆணி கிடக்கு."

"தா. நீ அந்தப் பக்கத்தாலை பிடி. நான் இந்தப் பக்கத்தாலை அடிக்கிறன்."

ஆடுமாடுகளையும் குளத்தையும் மூப்பரின் மடியில் கொடுத்து, பெட்டியைக் கவிழ்த்து, ஏழு படங்களையும் மேற்பலகையின் உட்புறத்தில் பங்கரில் இருந்த அதே வரிசையில் அடித்தார்கள். வேலையின் நடுவே சண்டை பிடித்தார்கள். "உதைச் சரிச்சுப் பிடிக்கிறாய்." "சரியாத்தான் பிடிக்கிறன், நீதான் சரிஞ்சு நிக்கிறாய்." முடிந்ததும் பெட்டியை நிமிர்த்தி வாங்குக்குமேல் வைத்தார்கள். முன்பக்கமாகக் குனிந்து மேலே பார்த்தால் யோசப்பினின் படங்கள், கறுப்பு கீழே. பின்பக்கமாகக் குனிந்து பார்த்தால் கனிசியஸின் படங்கள், கறுப்பு மேலே. குனிய விருப்பமில்லாதவர்களுக்குக் குளம். தாராக்களுக்கு நடுவே நீலமும் சிவப்பும் அசையாமல் கிடந்தன. சுவரெல்லாம் வெறுமையாகி நின்றதில், நட்சத்திரம் ஒட்ட மூப்பருக்கும் இடம் கிடைத்தது.

பின்னேரம் மரியநாயகி பணியாரச் சட்டியோடு வந்தாள். மகள் மண்டபத்துக்குள், அதுவும் தமையனோடு வாய் காட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டதும் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிலுவை போட்டாள். பிறகு குளத்தை எட்டிப் பார்த்தாள். கன நேரம் பார்த்தாள்.

"உது எங்கடை பங்கரெல்லே?"

"ஓம்."

"அதுதானே பாத்தன். அஞ்சாவது பலகையிலை ஒரு மஞ்சள் கிடக்கும். செபமாலையிலை ரண்டாம் காரணிக்கம் சொல்லேக்கை நான் அதைத்தான் பாக்கிறனான்." அவள் கண்ணாடிக்குள் விரலை நீட்டினாள்.

"அம்மா, தொடாதேங்கோ எண்டு எழுதியிருக்கு."

"ஓ, பெரிய நூதனசாலை" என்றாள் மரியநாயகி. ஆனால் விரலை எடுத்துவிட்டாள்.

யோசப்பின் அன்றைய பூசைக்குப் போகவில்லை. அம்மா கேட்கவுமில்லை. அவள் மண்டபத்து வாசலில் இருந்து பணியாரம் சாப்பிட்டாள். பூசை முடிந்து வந்த சனம் குடில் பார்க்க உள்ளே போய், குனிந்து, நிமிர்ந்து, பின்னால் சுற்றிப்போய் மறுபடி குனிந்து பார்த்ததை ஒருவித பேராசையோடு எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் "இது என்ன?" என்று கேட்கவில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு பங்கர் இருந்தது. எல்லாரும் ஏதோ ஒரு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்கள்தான்.

திங்கள் காலை பத்மாவதி மிஸ் புழுதியும் வியர்வையுமாக வந்து இறங்கினாள். கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போகும் வழியெல்லாம் யோசப்பின் ஒரே வசனத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள். "மிஸ், கொஞ்சம் ஆடு மாடு நிக்குது. அதுகளைக் கணக்கிலை எடாதேங்கோ."

மிஸ் குளத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து மேலே பார்த்தாள். எழும்பிப் பின்பக்கம் போனாள். அங்கே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த கனிசியஸ் காலை மடக்கி இடம் விட்டான். அங்கேயும் குனிந்தாள். யோசப்பினுக்குக் கையில் எதைப் பிடிப்பதென்று தெரியவில்லை. ஒரு தாராவை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எது சரியான பக்கம்?" என்றாள் மிஸ்.

யோசப்பின் வாயைத் திறந்தாள்.

"அது அவ கிடந்த பக்கம். இது நான் கிடந்த பக்கம்" என்றான் கனிசியஸ், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மிஸ் இன்னும் ஒரு தரம் முன்னால் வந்து பார்த்தாள். தலைமயிரில் ஒட்டிய வைக்கோலைத் தட்டவில்லை. "ஜனவரி நடுப்பகுதியிலை கண்காட்சி. மேசை இல்லை, உமக்கு ஒரு மூலை முழுக்கத் தாறன். சுத்தி வரோணும் இதை. ஆனா இப்பிடியே கொண்டுவாரும்."

"ஆடும் மாடுமோ மிஸ்?"

"குளம் கட்டாயம். ஆட்டை நீர் யோசியும்."

"பாலனை மூண்டு ராசாக்கள் திருநாளுக்கு முன்னம் அசைக்க ஏலாது" என்றது வாசலில் இருந்து மரியநாயகியின் குரல். யாரும் அவளைக் கேட்கவில்லை.

"ஜனவரி நடுப்பகுதி எண்டா அது முடிஞ்சிடும், அம்மா" என்றாள் யோசப்பின். அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெளியே வந்தது. கையிலிருந்த தாராவை நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே, அது முதலில் நின்ற இடத்திலேயே இறக்கி விட்டாள்.